முடியக்கூடாத போரின் நாவல்கள்



மேஜை மேல் சின்னஞ்சிறு போர்வீரர் பொம்மைகளை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்க்கும் விளையாட்டுகள் சிலவற்றுக்கு நாவல்களும் உண்டு. அவற்றுள் பரவலாக வாசிக்கப்படுபவை வார்ஹேமர் 40,000 உலகில் நடப்பவை. ரிக் பிரீஸ்ட்லி வடிவமைத்த அந்த விளையாட்டை இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-இல் வெளியிட்டது. அறிவியல் புனைகதையில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த இயன் வாட்சன் 1990-இலேயே இந்த உலகுக்காக ‘இன்குவிசிட்டர்’ என்ற நாவலை எழுதினார். ஆனால் நாவல்கள் வரிசை வரிசையாக வரத் தொடங்கியது, 1997-இல் அந்த நிறுவனம் பிளாக் லைப்ரரி என்ற பதிப்பகத்தைத் தொடங்கிய பிறகுதான்.

கதை நடக்கும் காலம் நாற்பத்தோராம் ஆயிரத்தாண்டு. மனிதகுலம் பத்து லட்சம் கோள்களில் பரவியிருக்கிறது. அதன் பேரரசர் பத்தாயிரம் ஆண்டுகளாகப் பொன் அரியணையில் உயிரும் பிணமுமாகக் கிடக்கிறார். மக்கள் அவரைக் கடவுளாக வணங்குகிறார்கள். வெளியே ஓர்க்குகள், எல்டார்கள், டைரனிட்கள் என்னும் வேற்றுக்கோள் இனங்கள். உள்ளே ‘கேயாஸ்’ என்னும் தீய சக்தியிடம் விலைபோன துரோகிகள். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டூன்’ (1965), ராபர்ட் ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ (1959) ஆகியவற்றை வாசித்தவர்களுக்கு இந்த உலகின் பல பாகங்கள் எங்கிருந்து வந்தவை என்று உடனே தெரிந்துவிடும். அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் கடன் வாங்கியதை மறைத்ததும் இல்லை.

இந்த நாவல்களைப் புரிந்துகொள்ள முதலில் தெரிய வேண்டியது ஒரு வியாபார உண்மை. கடையில் ஓர்க் படை வாங்கியவருக்கும் ஜெயிக்க வாய்ப்பு வேண்டும், பேரரசின் படை வாங்கியவருக்கும் வேண்டும். ஆகவே எந்தப் படையும் பூண்டோடு அழியக்கூடாது, எந்தப் போரும் தீர்ந்துவிடக்கூடாது. பல ஆண்டுகள் இந்த உலகின் கடிகாரம் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றது; 2017-இல்தான் கதைக்காலம் கொஞ்சம் நகர்ந்தது. பெரிய போரின் முடிவைச் சொல்லும் உரிமை இல்லாத ஒரு போர்க்கதையாசிரியர் என்ன செய்வார்? திறமை குறைந்தவர்கள் பக்கத்துக்குப் பக்கம் சண்டையை அடுக்கினார்கள். அப்படிப்பட்ட புத்தகங்கள் இந்த வரிசையில் ஏராளம், தயங்காமல் ஒதுக்கலாம். திறமையுள்ளவர்கள் பார்வையைக் குறுக்கினார்கள். பேரரசு பிழைக்குமா என்ற கேள்வியை விட்டுவிட்டு, இந்தப் பதுங்குகுழியில் இருக்கும் பத்துப் பேர் நாளை இருப்பார்களா என்று கேட்டார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் முதன்மையானவர் டான் ஆப்நெட். காமிக்ஸ் எழுதிப் பழகியவர். ஆண்டி லானிங்குடன் சேர்ந்து 2008-இல் அவர் மறுபடி உருவாக்கிய ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ குழுதான் பின்னால் சினிமாவுக்கு அடிப்படையானது. அவருடைய ‘கான்ட்ஸ் கோஸ்ட்ஸ்’ வரிசையின் முதல் நாவல் ‘ஃபர்ஸ்ட் அண்ட் ஒன்லி’ 1999-இல் வந்தது. டானித் என்ற காட்டுக் கோளில் புதிதாகப் படை திரட்டிய அன்றே எதிரி அந்தக் கோளை அழித்துவிடுகிறான். தளபதி இப்ராம் கான்ட், நின்று சண்டையிடாமல், காப்பாற்ற முடிந்த வீரர்களை ஏற்றிக்கொண்டு வெளியேறுகிறார். எஞ்சியது ஒரே ஒரு படைப்பிரிவு. சொந்த மண்ணோடு சாகவிடாமல் இழுத்து வந்தவர் என்ற கோபம் அந்த வீரர்களில் பலருக்குக் கான்ட் மேல் உண்டு. ரான் என்ற அதிகாரி அவரைக் கொல்வதாகவே சபதம் செய்திருக்கிறான்.

இந்த அமைப்பின் நுட்பம் கணக்கில் இருக்கிறது. மற்றப் படைப்பிரிவுகளுக்கு ஊரிலிருந்து புது ஆட்கள் வருவார்கள். டானித்துக்கு ஊரே இல்லை. ஒருவன் செத்தால் எண்ணிக்கை ஒன்று குறையும், அவ்வளவுதான். மேஜையில் விழுந்த பொம்மை அடுத்த ஆட்டத்தில் மறுபடி எழுந்து நிற்கும். இந்த நாவல்களில் விழுந்தவர் எழுவதில்லை. வாசகருக்கு நன்கு பழகிய பெயர்களையும் ஆப்நெட் விட்டுவைப்பதில்லை. மூன்றாம் நாவல் ‘நெக்ரோபொலிஸ்’ (2000) வெர்வன்ஹைவ் என்ற மாநகரின் முற்றுகையைச் சொல்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளர்களும் சுரங்கக்காரர்களும் ஆயுதம் எடுக்கும் பக்கங்களில் ஸ்டாலின்கிராட் நிழல் தெரியும். அந்த முற்றுகைக்குப் பிறகு அந்நகரத்தார், பெண்கள் உட்பட, படைப்பிரிவில் சேர்கிறார்கள். பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும் இடையே புகையும் பூசல், அடுத்த பல நாவல்களுக்குப் போர்க்களத்தை விடச் சுவையான பொருளாகிறது. ‘ஸ்ட்ரெய்ட் சில்வர்’ முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளை ஒத்த களத்திலும், ‘ட்ரெய்ட்டர் ஜெனரல்’ எதிரி பிடித்து ஆளும் கோளிலும் நடக்கின்றன. போர் முடிவதில்லை, போரின் வகை மாறுகிறது.

விளையாட்டின் விதி நாவலில் என்ன ஆகிறது என்று கவனிப்பது இந்த வாசிப்பின் தனி ருசி. விளையாட்டில் ‘கமிஸார்’ என்பவர் சோவியத் அரசியல் அதிகாரியின் சாயலில் வந்தவர். படை நடுங்கி ஓடப் பார்த்தால் தன் வீரன் ஒருவனையே சுட்டு மற்றவர்களை நிறுத்தலாம் என்று அவருக்கு விதி இருந்தது. ஆட்டத்தில் அது சிரிப்பு வரவழைக்கும் ஒரு வசதி. ஆப்நெட் அந்தப் பதவியையே கதாநாயகனுக்குக் கொடுத்தார். சுட உரிமை உள்ளவர் எப்போது சுடாமல் இருக்கிறார் என்பது கான்ட்டின் பாத்திரமாயிற்று. துப்பாக்கி விஷயமும் அப்படித்தான். சாதாரணச் சிப்பாயின் லேசர் துப்பாக்கியை ஆட்டக்காரர்கள் ‘டார்ச் லைட்’ என்று கிண்டல் செய்வார்கள். நாவலில் அது ஆளைக் கொல்லும் கருவி. ‘ஸ்பேஸ் மரீன்’ என்ற மாமனிதப் போர்வீரனோ இதற்கு நேர்மாறு. மேஜையில் பகடை கைவிட்டால் நாலு சிப்பாய்களே அவனைச் சாய்த்துவிடலாம். நாவலில் அவன் ஒருவன் வந்தாலே களத்தின் காற்று மாறும். இந்த முரண்பாட்டைப் பிழை என்று வாதாடுபவர்கள் உண்டு. பகடையில் இரு தரப்பும் ஈடாக நிற்க வேண்டும், கதையில் அதற்குக் கட்டாயமில்லை என்பதே அதற்கான பதில்.

வேறு வழியில் போன உலகம் ‘பேட்டில்டெக்’. அமெரிக்காவின் ஃபாஸா நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த இந்த விளையாட்டில், மனிதர் உள்ளே அமர்ந்து ஓட்டும் ராட்சத இயந்திரங்கள் மோதுகின்றன. வில்லியம் எச். கீத் எழுதிய ‘டிசிஷன் அட் தண்டர் ரிஃப்ட்’ 1986-இல் வந்தது. இங்கே கடிகாரம் ஓடுகிறது: அரசுகள் விழுகின்றன, தலைமுறை மாறுகிறது, மைக்கேல் ஸ்டாக்போலின் நாவல்கள் விளையாட்டின் வரலாற்றையே முன்னே தள்ளின. ஆட்டவிதிப்படி ஆயுதங்களை அதிகம் சுட்டால் இயந்திரம் சூடேறி நின்றுபோகும். நாவலில் அதே விதி, அரைக்கால் சட்டையும் குளிர்விக்கும் மேலங்கியும் அணிந்து வியர்வையில் குளிக்கும் ஓட்டுநரின் உடலாக வருகிறது.

வார்ஹேமரிலும் முடிவு தெரிந்த போர் ஒன்று உண்டு. அது கடந்த காலத்தில் நடந்தது. பேரரசரின் மகன் ஹோரஸ் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்த உள்நாட்டுப் போர் அது. 1988-இல் வெளிவந்த ‘அடெப்டஸ் டைட்டானிகஸ்’ ஆட்டப்பெட்டியில் இரு தரப்புக்கும் ஒரே வார்ப்பு இயந்திரப் பொம்மைகள்தான் இருந்தன. ஒரே மாதிரி இயந்திரங்கள் ஏன் மோதிக்கொள்கின்றன என்பதற்குக் காரணமாக உள்நாட்டுப் போர் பொருந்தியது. பிளாஸ்டிக் அச்சின் செலவை ஒட்டிப் பிறந்த இந்தச் சிறு கதையிலிருந்து, 2006-இல் ஆப்நெட்டின் ‘ஹோரஸ் ரைசிங்’ தொடங்கி 54 நூல்கள் வந்தன. பிறகு தலைநகர் முற்றுகை தனி வரிசையாகி 2024-இல் முடிந்தது. யார் துரோகியாவார் என்பது வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது; துன்பியல் நாடகத்தின் பழைய உத்தி அது. முதல் மூன்று நூல்கள் சேர்ந்து ஒரு முழுக்கதை. அதற்குமேல் எல்லாவற்றையும் வரிசைப்படி வாசிக்க வேண்டும் என்ற வைராக்கியம் பலரைப் பாதியில் களைப்படையச் செய்திருக்கிறது.

இந்தப் பேரரசு நல்லது என்று புத்தகம் சொல்வதாக எடுத்துக்கொள்வதே புது வாசகர் செய்யக்கூடிய பெரிய தவறு. அது அறியாமையையும் வெறுப்பையும் சட்டமாக்கிய கொடுங்கோன்மை. ஆரம்பத்தில் கேலிச்சித்திரமாகவே வரையப்பட்டது. கதை பேரரசின் வீரன் கண்ணால் சொல்லப்படுவதால் அவனுடைய நம்பிக்கை கதையின் நம்பிக்கைபோல ஒலிக்கும். பேரரசு வெறும் அங்கதமே என்று நிறுவனமே 2021-இல் வெளிப்படையாக அறிக்கை விட நேர்ந்தது. அங்கதத்தின் சுவை தெரிய சாண்டி மிட்செலின் கியாஃபஸ் கெய்ன் நாவல்கள் உதவும். முதலாவது ‘ஃபார் தி எம்பரர்’ (2003). வீரன் என்று ஊரே கொண்டாடும் கெய்ன் தன்னைக் கோழை என்று நினைவுக்குறிப்பில் எழுதிவைக்கிறான். அதைத் தொகுக்கும் விசாரணை அதிகாரி அடிக்குறிப்புகளில் அவனைத் திருத்திக்கொண்டே வருகிறாள்.

தொடங்குவதற்கு ‘கான்ட்ஸ் கோஸ்ட்ஸ்’ முதல் மூன்று நாவல்களின் தொகுப்பான ‘த ஃபவுண்டிங்’ ஏற்றது. முதல் நூல் கொஞ்சம் தட்டுத் தடுமாறும், இரண்டாவது சிறுகதைகளைக் கோத்தது. மூன்றாவதுவரை பொறுமை தேவை. போர்க்களமே சலிப்பவர்கள் அதே ஆசிரியரின் ‘சீனோஸ்’ (2001) எடுக்கலாம்: துப்பறியும் கதை, தெருவும் வீடும் சந்தையும் உள்ள பேரரசு. புரியாத பெயர் வந்தால் விக்கியில் தேடாமல் கடந்துபோவது நல்லது. அங்கே பாத்திரத்தின் பெயருக்குக் கீழேயே மரணமும் எழுதியிருக்கும். படைப்பிரிவு, பதவி, ஆள் என்று புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும். ரத்தமும் சித்திரவதையும் விரிவாக வருவதால் இவை பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கே பொருந்தும். சின்னவர்களுக்கென்று 2019-இல் தொடங்கிய ‘வார்ஹேமர் அட்வென்ச்சர்ஸ்’ வரிசை தனியாக இருக்கிறது.