ஒரே மடிக்கணினியில் விண்டோசும் லினக்சும்

பாகான் டத்தோ என்றதும் பலருக்கும் தேங்காய்தான் நினைவுக்கு வரும். பேராக் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே உள்ள எங்கள் வட்டாரத்தில் பார்க்கும் இடமெல்லாம் தென்னையும் செம்பனையும்தான். தென்னைகளுக்கு இடையே கொக்கோவை ஊடுபயிராக வளர்த்த காலமும் இங்கு ஒன்று இருந்தது. தென்னையை வெட்ட வேண்டியதில்லை. அதன் நிழலிலேயே இன்னொரு பயிர் வளரும். ஆனால் குழி தோண்டுகிறவன் தென்னையின் வேர் எதுவரை ஓடியிருக்கிறது என்று தெரிந்து தோண்ட வேண்டும்.

ஒரு மடிக்கணினியில் ஏற்கெனவே இருக்கும் விண்டோசை அழிக்காமல் அதன் பக்கத்தில் லினக்சை நிறுவுவதும் இப்படிப்பட்ட வேலைதான். அதை எப்படிச் செய்வது என்று நம் மாணவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகள் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறாள். கணினி 2017-இல் வந்தது. ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. வட்டு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொண்ட தனியாருக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு தந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல்தான் ஏற்றுக்கொள்கிறது. நன்றாக ஓடும் கணினி ஒரே நாளில் பழையதாகிவிட்டது. புதியது வாங்க வீட்டில் இப்போதைக்கு வழியில்லை.

லினக்ஸ் போடலாம் என்றேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, உள்ள இருக்கிறது ஒன்னும் போயிடாதே?"

உள்ளே இருந்தவை அவளுடைய ஆய்வுக்காகப் பதிவு செய்த நேர்காணல்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய முதியவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லும் குரல்கள். அவர்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாணவனாக இருந்தபோது வீட்டுக் கணினியில் இதே வேலையை அவசரமாகச் செய்து, ஒரு திரையைப் படிக்காமல் அழுத்தி, முழு வட்டையும் அழித்தவன் நான். நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தின் படங்கள் அதில்தான் இருந்தன. லயம் பிறகு இடிக்கப்பட்டது. படங்களும் இல்லை. ஆகவே இந்தப் பாடத்தில் நிறுவும் படிகளைவிட நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான் அதிகம்.

லினக்ஸ் என்பது என்ன?

கணினியின் வன்பொருளையும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்து நடத்துவது இயங்குதளம். விண்டோஸ் அவற்றுள் ஒன்று. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆம் வயதில், ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதி எல்லாருக்கும் திறந்துவிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள் அதனுடன் சேர்ந்து, முழுமையான இயங்குதளமாக வளர்ந்தது. அதை யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதனால்தான் தமிழில் இத்தகையவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா, லினக்ஸ் மிண்ட் எனப் பல வெளியீடுகள் உண்டு. விண்டோசில் பழகியவருக்கு மிண்ட் எளிது. அதன் 22-ஆம் பதிப்பு 2024-இல் வந்தது. 2029 வரை பாதுகாப்பு இற்றைகள் உண்டு. 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியிலும் ஓடும்.

ஏன் இரண்டும் வேண்டும்?

விண்டோசை எடுத்துவிட்டு லினக்சை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். மாணவருக்கு அது எப்போதும் பொருந்தாது. மைக்ரோசாப்ட் ஆபிஸ், ஆட்டோகேட் போன்றவை லினக்சில் நேரடியாக இயங்குவதில்லை. லிபர்ஆபிஸ் வேர்டு கோப்புகளைத் திறக்கும், ஆனால் பக்க அமைப்பும் அட்டவணையும் சற்று நகர்ந்துவிடக் கூடும். ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை வேர்டில் பார்ப்பதே நல்லது. இணையம், மின்னஞ்சல், அன்றாட எழுத்து ஆகியவற்றை லினக்சில் வைத்துக்கொண்டு, தவிர்க்க முடியாதவற்றுக்கு மட்டும் விண்டோசுக்குப் போகலாம்.

இது புதிய ஏற்பாடும் அன்று. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோசும், இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய போஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அங்கே ஆயத்தமாகக் கிடைத்ததை இங்கே நாமே செய்துகொள்ளப் போகிறோம்.

தொடங்கும் முன்

முதலாவது, நகல். முக்கியமான கோப்புகளை இரண்டு இடங்களில் வையுங்கள்: ஒன்று வெளிவட்டில், மற்றொன்று இணையச் சேமிப்பில். பிறகு அந்த வெளிவட்டை வேறொரு கணினியில் செருகி, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். தங்கையின் வெளிவட்டை என் கணினியில் செருகியபோது ஒரு கோப்புறை முழுவதும் குறுக்குவழிகளாகவே இருந்தது. உண்மையான ஒலிப்பதிவுகள் ஒன்றுகூட நகலாகவில்லை. அன்று மாலை முழுவதும் அதற்கே போயிற்று. எல்லா நேர்காணல்களும் திறக்கின்றன என்று உறுதியான பிறகுதான் அடுத்த வேலை.

இரண்டாவது, பிட்லாக்கர். விண்டோஸ் சில கணினிகளில் வட்டை நாம் அறியாமலே பூட்டி வைத்திருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் உண்டு. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பூட்டு இயங்கினால் விண்டோசுக்குள்ளேயே முறைப்படி அணைத்து, அது முழுமையாக முடியும்வரை காத்திருங்கள்.

மூன்றாவது, விண்டோசின் மின்சக்தி அமைப்பில் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியை நிறுத்துங்கள். அது இயங்கினால் கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. அந்நிலையில் லினக்ஸ் அதன் கோப்புகளைத் தொட்டால் சேதம் ஏற்படலாம்.

இடம் ஒதுக்குதல்

வட்டைப் பிரிக்கும் வேலையை விண்டோசின் 'டிஸ்க் மேனேஜ்மண்ட்' கருவியைக் கொண்டே செய்யுங்கள். விண்டோசின் கோப்புகள் வட்டில் எங்கே இருக்கின்றன என்பது அதற்குத்தான் நன்றாகத் தெரியும். 'சி' பிரிவின் மேல் வலச்சொடுக்கி 'ஷ்ரிங்க் வால்யூம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அளவு மெகாபைட்டில் கேட்கும். 60 ஜிபி ஒதுக்க 61440 என்று கொடுக்க வேண்டும். விண்டோசுக்கும் மூச்சுவிட 20 ஜிபியாவது காலி இடம் இருக்கட்டும்.

கேட்ட அளவு கிடைக்காமல் போகலாம். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்னேஷனை அணைத்து, கணினியை மீண்டும் தொடக்கி முயலுங்கள். கிடைத்த காலி இடத்தில் புதிய பிரிவு எதையும் உருவாக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

நிறுவுதல்

மிண்டின் நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. அதன் அதிகாரப்பூர்வ இணையத்தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

பென் டிரைவைச் செருகிக் கணினியைத் திறக்கும்போது தொடக்கத் தேர்வுப் பட்டியலை வரவழைக்க வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப் விசை. பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், வட்டைத் தொடாமலே லினக்ஸ் பென் டிரைவிலிருந்து ஓடும். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, தொடுதட்டு வேலை செய்கிறதா என்று இங்கேயே சோதித்துவிடுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு விண்டோசுக்குத் திரும்பலாம். எந்த நட்டமும் இல்லை.

எல்லாம் சரியென்றால் மின்கம்பியைச் செருகிவிட்டு நிறுவலைத் தொடங்குங்கள். மொழி, விசைப்பலகை ஆகியவற்றுக்குப் பிறகு வரும் திரைதான் நான் அன்று படிக்காமல் அழுத்திய திரை. அதில் 'விண்டோஸ் பூட் மேனேஜருக்குப் பக்கத்தில் நிறுவு' என்ற பொருள்படும் தேர்வு ஒன்றும், 'வட்டை அழித்து நிறுவு' என்ற பொருள்படும் தேர்வு ஒன்றும் அருகருகே இருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது.

விண்டோஸ் இருப்பதாகவே அத்திரை காட்டவில்லை என்றாலோ, வட்டே தெரியவில்லை என்றாலோ அங்கேயே நிறுத்துங்கள். சில கணினிகளில் வட்டு இன்டெல் ஆர்.எஸ்.டி. முறையில் அமைக்கப்பட்டிருப்பதால் இப்படி நேரும். முன்னேற்பாடின்றி அந்த அமைப்பை மாற்றினால் விண்டோஸ் திறக்காமல் போகலாம். தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுப் பிறகு தொடரலாம்.

அடுத்து, வட்டில் செய்யப்போகும் மாற்றங்களைப் பட்டியலிட்டு ஒப்புதல் கேட்கும். இதுவரை எதுவும் மாறவில்லை. இதற்கு மேல் திரும்ப முடியாது. 'ஃபார்மட்' செய்யப்படும் பிரிவுகளில் புதிய 'எக்ஸ்ட்4' பிரிவு மட்டுமே இருக்க வேண்டும். 'என்.டி.எஃப்.எஸ்.' என்ற சொல் அப்பட்டியலில் இருந்தால் அது விண்டோசின் இடம். உடனே பின்செல்லுங்கள். தங்கையை அந்த வரிகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை நான் படித்தேன். பிறகு அவளே அழுத்தினாள். அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது.

முடிந்த பிறகு

கணினி மீண்டும் திறக்கும்போது மிண்டா, விண்டோசா என்று கேட்கும் பட்டியல் வரும். முதலில் விண்டோசுக்குப் போய் உங்கள் கோப்புகளைத் திறந்து பாருங்கள். அதன்பிறகு லினக்சுக்குப் போங்கள். லினக்சிலிருந்து விண்டோஸ் கோப்புகளைப் படிக்கலாம். விண்டோசால் லினக்ஸ் பிரிவைப் படிக்க இயலாது. 'டிஸ்க் மேனேஜ்மண்ட்' திரையில் பெயரில்லாத பிரிவாக அது தெரியும். வீணாகக் கிடக்கிறது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள்.

சிலரது கணினியில் லினக்சைப் பயன்படுத்தியபின் விண்டோசின் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கிக் காட்டும். லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. மலேசிய நேரம் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருப்பதால் இந்த வேறுபாடு. லினக்சில் உட்கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

பெரிய விண்டோஸ் இற்றை ஒன்றுக்குப் பிறகு தேர்வுப் பட்டியல் காணாமல் போனாலும் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் லினக்ஸ் அழிந்திருக்காது. தொடக்க வரிசையில் விண்டோஸ் முந்திக்கொண்டிருக்கும். கணினியின் பயாஸ் அமைப்பில் வரிசையை மாற்றினால் போதும்.

தமிழில் பயன்படுத்த

மிண்டின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் பட்டியல்களில் பெரும்பகுதி தமிழில் வரும். இவற்றை மொழிபெயர்த்தவர்கள் பல நாடுகளில் உள்ள தமிழ்த் தன்னார்வலர்கள். தட்டச்சு செய்ய 'ஐபஸ்-எம்17என்' என்ற தொகுப்பை நிறுவி, அதில் தமிழ்99 முறையைத் தேர்ந்தெடுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டில் உருப்பெற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்களுக்கான விசைகள் வலப்பக்கம். 'அ, ம, ம, ஆ' என்று தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'அம்மா' என்று வரும்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. யுனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி முதலிய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த கட்டுரைகள் பலரிடம் இன்னும் இருக்கும். அவை லினக்சில் புரியாத குறிகளாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாமல், குறியாக்க மாற்றியைக் கொண்டு யுனிகோடுக்கு மாற்றிச் சேமியுங்கள். நம் பழைய மலர்களின் மூலக்கோப்புகள் கூட அவற்றில் இருக்கக் கூடும்.

மாணவ நண்பர்களே, இவ்வேலைக்குக் கணினித் துறையில் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் நகலுக்கு, ஒரு மாலை நிறுவலுக்கு. இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அவரே எல்லாவற்றையும் அழுத்திவிட்டுப் போய்விடக் கூடாது. கணினி உங்களுடையது. ஒப்புதல் கேட்கும் திரையை நீங்களே படிக்க வேண்டும்.

மறுநாள் காலை தங்கை லினக்சைத் திறந்து, விண்டோஸ் பிரிவுக்குள் போய், ஒரு பதிவைச் சொடுக்கினாள். எங்கள் தோட்டத்தில் பால் மரம் சீவிய பாட்டி ஒருவரின் குரல் சமையலறை வரை கேட்டது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பாட்டி காலமாகி ஓர் ஆண்டு ஆகியிருந்தது.