சொல் விளக்கம்: ‘விட்’ என்னும் இம்மியளவு



பழைய ஆங்கில நூல்களில் ‘நாட் எ விட்’ என்று வரும். ‘இம்மியளவும் இல்லை’ என்பது பொருள். இன்று பேச்சில் இது அருகிவிட்டது. பிள்ளைகள் புத்தகத்தில் கண்டு எம்மிடம் கேட்டால், நகைச்சுவை அறிவைக் குறிக்கும் மற்ற ‘விட்’ என்று நினைத்துப் பிழையாகச் சொல்லிவிடுகிறோம். அது வேறு சொல். இதன் எழுத்தில் ‘எச்’ உண்டு.

இதன் மூலம் பழைய ஆங்கிலத்து ‘விஹ்ட்’. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதற்குச் சிறுமை என்ற பொருளே கிடையாது. உயிர், பொருள், ஏதோ ஒன்று, அவ்வளவுதான். (வைட் தீவின் பெயர் இதிலிருந்து வந்ததன்று. உரோமர் அதை வெக்டிஸ் என்றனர்.) ‘ஒரு பொருளும் இல்லை’ என்று மறுத்து மறுத்துச் சொன்னதில், அந்தப் ‘பொருள்’ தேய்ந்து துளியாகிவிட்டது. ஆயினும் 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் ‘எவ்ரி விட்’, அதாவது ‘ஒன்றுவிடாமல் முழுவதும்’, என மறுப்பில்லாமலும் வருகிறது.

சுவையான பகுதி இனித்தான். ‘நா’ என்றால் ஒருபோதும் இல்லை. ‘நா’வும் ‘விஹ்ட்’டும் சேர்ந்து ‘நாவிஹ்ட்’, ஒன்றுமில்லை. இதிலிருந்தே பூச்சியத்தைக் குறிக்கும் ‘நோட்’ வந்தது. ‘நாட்டி’ என்பதும் அதன் வழியே வந்தது. முதலில் ஒன்றுமில்லாதவன், பின்பு தீயவன், இன்று வெறும் குழப்படிக்காரப் பிள்ளை. அதே ‘நாவிஹ்ட்’ இன்னும் குறுகியதே நாம் நாள்தோறும் சொல்லும் ‘நாட்’. ஆகவே ‘நாட் எ விட்’ என்பவர் ஒரே சொல்லை இரண்டு தரம் சொல்கிறார்!

‘ஐ டோன்ட் நோ நதிங்’ என்று பிள்ளை எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டுவார். இரண்டு மறுப்பு ஆகாது என்பது 18ஆம் நூற்றாண்டு இலக்கணகாரர் வலியுறுத்திய விதி. 1400இல் மறைந்த சாசரின் எழுத்தில் இரட்டை மறுப்பு சாதாரணம். அக்காலத்தில் வினைக்கு முன் ‘நெ’ என்ற மறுப்பு நிற்கும். அதற்கு வலுவூட்டவே பின்னால் ‘நாட்’ வந்தது. காலப்போக்கில் ‘நெ’ உதிர்ந்தது, துணைக்கு வந்தது நிலைத்தது. பரீட்சையில் விதிப்படியே எழுதட்டும். ஆனால் பிள்ளையை மூடன் என்று ஏசவேண்டியதில்லை.

பிரான்சில் வாழும் உறவினருக்கு இது புதிதன்று. அங்கே மறுப்புக்கு ‘ந’வும் ‘பா’வும் சேர்ந்து வரும். ‘பா’ என்றால் ஒரு காலடி. இன்று பேச்சில் ‘ந’ விழுந்து, காலடி மட்டும் நிற்கிறது.