சீருடையில் இருந்தபடியே விமானி உரிமம்: பணம் பற்றிப் பத்து அறிவுரைகள்

அமெரிக்கப் படைகளில் பணியாற்றும் தமிழ்ப் பிள்ளைகளில் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு. அயல்மொழி தெரிந்த வெளிநாட்டினரைப் படையில் சேர்க்க 2008 முதல் 2016 வரை நடந்த மாவ்னி திட்டம் வழியாகச் சேர்ந்தவர்களும் உண்டு. அந்தத் திட்டம் தேடிய மொழிகளில் தமிழும் ஒன்று. நான் ஒரு படைத் தளத்தின் ஏரோ கிளப்பில் பயிற்றுநராக இருந்தவன். அதனால் இந்தப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐயா, விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. பட்டாளம் பணம் தருமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் உரிமத்துக்கான, அதாவது தனியார் விமானி உரிமத்துக்கான, பணம் பெரும்பாலும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். அதை முழுவதும் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். தொடங்கினால் நிறுத்தாமல் முடித்துவிடுங்கள். அரசு தரும் உதவியை அடுத்த படிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதல் செலவு மருத்துவச் சான்றுக்கு.

விமானத்தில் ஏறும் முன், அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் மருத்துவச் சான்றை வாங்கிவிடுங்கள். தனியார் விமானிக்கு மூன்றாம் வகுப்புச் சான்று போதும். 40 வயதுக்குள் இருந்தால் 60 மாதம் செல்லும். பின்னாளில் பறப்பதையே தொழிலாக்கும் எண்ணம் இருந்தால், முதலிலேயே இரண்டாம் அல்லது முதல் வகுப்புக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெருந்தொகை செலவழித்த பிறகு தடை ஒன்று தெரியவருவதைவிட இப்போதே தெரிவது நல்லது. சில தளங்களில் ராணுவ விமான மருத்துவரே எஃப்.ஏ.ஏ. பரிசோதகராகவும் இருப்பார், முதலில் அங்கே கேளுங்கள்.

படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். மனச்சோர்வு மருந்து, தூக்க மூச்சுத் திணறல், குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானது, ஊனத்துக்காகப் பெறும் அரசுத் தொகை எல்லாவற்றையும் அது கேட்கிறது. பொய் எழுதினால் கூட்டாட்சிக் குற்றம். உரிமத்தோடு சீருடையும் போகும். மறைத்து வாங்கும் சான்றைவிட, உண்மை சொல்லி ஆறு மாதம் காத்திருந்து வாங்கும் சான்றே நிலைக்கும்.

2. எதற்காகப் பறக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

ராணுவ விமானியாக வேண்டும் என்பது இலக்கானால் செலவுக்கு ஓர் எல்லை உண்டு. விமானப்படையின் தேர்வு மதிப்பெண்ணில் நீங்கள் பறந்த மணிகளுக்கும் இடம் இருக்கிறது. அதற்கு முதல் உரிமமே போதும். அதிகாரிகளுக்காக ரேட்டட் பிரெப் என்ற திட்டமும் இருக்கிறது. விமானப்படையின் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோலுடன் சேர்ந்து அரசே பறக்கக் கற்றுத்தருகிறது. ராணுவ விமானியாகத் தகுதி பெற்றபின், எழுத்துத் தேர்வு ஒன்றை எழுதியே கமர்ஷியல் (ஊதியத்துக்குப் பறக்கும்) உரிமம் வாங்க எஃப்.ஏ.ஏ. விதி இடம் தருகிறது. அப்படிப்பட்டவர் இப்போதே மேல்நிலைத் தகுதிகளுக்குக் கைப்பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. பணி முடிந்து ஏர்லைன் வேலைக்குப் போக நினைப்பவருக்கும், குடும்பத்தோடு வார இறுதியில் பறக்க விரும்புபவருக்கும் கணக்கு வேறு.

3. ஜி.ஐ. பில் முதல் உரிமத்துக்கு அல்ல.

பலர் ஏமாறும் இடம் இது. ஜி.ஐ. பில் என்பது படைவீரர்களுக்கு அரசு தரும் கல்வி உதவி. தனியாக இயங்கும் பயிற்சிப் பள்ளியில் அதைப் பயன்படுத்த வேண்டுமானால், தனியார் விமானி உரிமம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்க வேண்டும், கமர்ஷியல் உரிமத்துக்கான மருத்துவத் தகுதியும் வேண்டும், பள்ளி எஃப்.ஏ.ஏ.வின் 141-ஆம் பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதன்பின் இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளைப் பார்த்தே பறக்கும்), கமர்ஷியல் பயிற்சிகளுக்கு 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 17,000 டாலர் வரை தரும். பழைய மான்ட்கமரி ஜி.ஐ. பில் என்றால் ஒப்புக்கொள்ளப்பட்ட கட்டணத்தில் 60 விழுக்காடு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பட்டப்படிப்பின் பாடமாகவே பறக்கும் பயிற்சி இருந்தால் முதல் உரிமமும் அதில் அடங்கும். நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் போன்ற அரசுக் கல்வி நிலையங்களில் அப்படிப் படிக்கலாம். ஆனால் அது பணியிலிருந்து விலகியபின் முழுநேரம் படிப்பவர்களுக்கான வழி. ஜி.ஐ. பில் உதவி மொத்தம் 36 மாதத்துக்குத்தான்; ஆறாண்டு பணி முடித்து மேலும் நான்காண்டுக்கு ஒப்புக்கொண்டால் பிள்ளைகளுக்கும் மாற்றித் தரலாம். அது விதைநெல். எங்கே விதைப்பது என்று தெரியும்வரை தொடாதீர்கள்.

4. மற்ற உதவிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டியூஷன் அசிஸ்டன்ஸ் கல்லூரிப் பாடங்களுக்கானது: ஒரு கிரெடிட்டுக்கு 250 டாலர், ஆண்டுக்கு 4,500 டாலர் என்பது உச்சவரம்பு. பாடக் கட்டணத்துக்கு மட்டுமே தருவார்கள். விமான வாடகைக்குக் கிடைக்காது. பணியிலுள்ள அதிகாரி அதை வாங்கினால் கூடுதலாக இரண்டாண்டு பணியாற்றும் கடமையும் சேரும்.

ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் 'கூல்' என்ற தொழில்சான்று உதவி இருக்கிறது. எந்தச் சான்றுக்கு, யாருக்கு, எவ்வளவு என்பது பிரிவுக்குப் பிரிவு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே நண்பன் சொன்னதை நம்பாமல் தளத்தின் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். ஒப்புதல் கைக்கு வரும் முன் ஒரு டாலரும் கட்டாதீர்கள். முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. விமான உரிமையாளர், விமானிகளின் சங்கமான ஏ.ஓ.பி.ஏ.வும், பெண் விமானிகளுக்கான நைன்ட்டி-நைன்ஸ் அமைப்பும் உதவித்தொகை தருகின்றன. ஒரு மாலை உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுவது வீண் போகாது.

5. 40 மணி நேரத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 40 மணி நேரம். அதில் 20 பயிற்றுநருடன், 10 தனியாக. ஆனால் பெரும்பாலோருக்கு 60 முதல் 75 மணி ஆகிறது. 40-க்குக் கணக்குப் போட்டவர் 45-ஆவது மணியில் பணம் தீர்ந்து நிற்பார்.

ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். எரிபொருளோடு மணிக்கு 170 டாலர் வாடகையில் ஒரு செஸ்னா 172. 60 மணிக்கு 10,200. மணிக்கு 60 டாலர் வீதம் பயிற்றுநருக்கு, வானிலும் தரையிலும் சேர்த்து 60 மணிக்கு 3,600. எழுத்துத் தேர்வுக்கு 175, செக்ரைடு என்ற பறக்கும் தேர்வை நடத்தும் தேர்வாளருக்கு 900, மருத்துவத்துக்கு 150, ஹெட்செட்டுக்கு 350, புத்தகம், வரைபடம், வாடகை விமானக் காப்பீட்டுக்கு 400. கூட்டினால் 15,775 டாலர். விலை இடத்துக்கு இடம் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்.

6. முழுப் பணமும் சேர்ந்த பிறகே முதல் பாடம்.

என் அனுபவத்தில் மிக அதிகமாகச் செலவழித்தவர்கள் விலையுயர்ந்த பள்ளிக்குப் போனவர்கள் அல்லர். மாதம் ஒரு முறை பறந்தவர்கள். மூன்று வாரம் இடைவெளி விட்டால் போன பாடத்தின் பாதி மறந்துவிடும். அதையே மறுபடி காசு கொடுத்துக் கற்க வேண்டும். வாரம் மூன்று முறை பறப்பவர் பணத்தையும் காலத்தையும் சேர்த்தே மிச்சப்படுத்துகிறார்.

மாதம் 500 டாலரை அலாட்மென்ட் போட்டு, சம்பளம் கைக்கு வரும் முன்பே தனிக் கணக்குக்குப் போகவிட்டால் 32 மாதத்தில் மேலே சொன்ன தொகை சேரும். நான்காண்டு ஒப்பந்தத்தில் பறந்து முடிக்கவும் காலம் மிஞ்சும். போர்ப் பகுதிக்கு அனுப்பப்பட்டால் சேவிங்ஸ் டெபாசிட் புரோகிராமைத் தவறவிடாதீர்கள். 30 நாள் தொடர்ந்து அங்கே இருந்தவர் 10,000 டாலர் வரை போடலாம்; வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு; திரும்பிய பின்னும் 90 நாள் வரை வட்டி ஓடும். இவ்வளவு பாதுகாப்பாக இந்த வட்டி தரும் இடம் வேறு கிடையாது. அந்த மாதங்களின் வரிச்சலுகையும் ஆபத்துப் படியும் புதுக் காருக்குப் போகாமல் இங்கே வரட்டும்.

7. கடன் வேண்டாம், முன்பணமும் வேண்டாம்.

படையில் இருப்பவர் கடனுக்கு வட்டி 6 விழுக்காட்டைத் தாண்டாது என்று சிலர் நம்புகிறார்கள். அந்தப் பாதுகாப்பு பணியில் சேரும் முன் வாங்கிய கடனுக்கு மட்டுமே. பணியில் இருக்கும்போது வாங்கும் பெரும்பாலான கடன்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 36 விழுக்காடு. அடைக்க முடியாத கடன், ரகசியப் பணிக்கான பாதுகாப்பு அனுமதியையே கேள்விக்குள்ளாக்கும். அதோடு உங்கள் வேலையும் போகலாம்.

தள்ளுபடி தருகிறோம், மொத்தமாகக் கட்டுங்கள் என்று கேட்கும் பள்ளியிடம் விலகி நில்லுங்கள். 2008 பிப்ரவரியில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பெரிய பயிற்சி நிறுவனம் திடீரென மூடித் திவாலானது. ஏறத்தாழ 70,000 டாலர் கடன் வாங்கிக் கட்டியிருந்த மாணவர்கள் உரிமமும் இல்லாமல் கடனோடு நின்றார்கள். பறந்த மணிக்கு அன்றன்றே பணம் கொடுங்கள்.

8. தளத்தின் ஏரோ கிளப்பில் முதலில் விசாரியுங்கள்.

விமானப்படைத் தளங்களில் ஏரோ கிளப்புகளை 1948-ல் தொடங்கிவைத்தவர் ஜெனரல் கர்ட்டிஸ் லெமே. இன்றும் பல தளங்களில் அவை இயங்குகின்றன. ஜப்பானில் யோகோட்டாவில்கூட உண்டு. கடற்படைக்கும் பறக்கும் கிளப்புகள் இருக்கின்றன. பணியிலுள்ளவர், ரிசர்வ் வீரர், ஓய்வுபெற்றவர், குடும்பத்தார் எல்லாரும் சேரலாம். வாடகை பெரும்பாலும் வெளியே இருப்பதைவிடக் குறைவு. உங்கள் பணிமுறையும் திடீர் உத்தரவும் அங்குள்ளவர்களுக்குப் புரியும். மாதச் சந்தா, பராமரிப்பில் நிற்கும் விமானங்களின் எண்ணிக்கை, பயிற்றுநருக்கு வாரத்தில் கிடைக்கும் நேரம் மூன்றையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். குறைந்த வாடகை இருந்தும் விமானம் கிடைக்காத கிளப்பால் பயன் இல்லை.

குடியுரிமை பெறாமல் கிரீன் கார்டோடு பணியாற்றுபவர், பயிற்சி தொடங்கும் முன் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அனுமதியும் பெற வேண்டும். அதற்கான கட்டணத்தையும் காத்திருப்பையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. இடமாற்ற உத்தரவைப் பார்த்துப் பயிற்சி முறையைத் தேர்ந்தெடுங்கள்.

141-ஆம் பிரிவுப் பள்ளியில் குறைந்தபட்சம் 35 மணி. பள்ளி அங்கீகாரம் தேவைப்படாத 61-ஆம் பிரிவில் 40. ஐந்து மணி மிச்சம் என்று மயங்காதீர்கள். பெரும்பாலோருக்கு இரண்டையும் தாண்டியே முடிகிறது. ஆனால் 141-ஆம் பிரிவுப் பள்ளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், புதிய பயிற்சியில் பாதிக்கு மேல் பழைய பயிற்சியைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது விதி. 61-ஆம் பிரிவில் லாக்புக்கில் உள்ள மணி முழுவதும் உங்களோடு வரும். எந்நேரமும் ஊர் மாறக்கூடிய படைவீரருக்கு முதல் உரிமத்துக்கு 61-ஆம் பிரிவே ஏற்றது. இடமாற்றத்துக்கோ போர்ப்பணிக்கோ ஆறு மாதம்கூட இல்லையென்றால் இப்போது தொடங்காதீர்கள்.

காத்திருக்கும் மாதங்களில் தரைப் படிப்பை முடித்துவிடுங்கள். எஃப்.ஏ.ஏ.வின் கையேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 60 கேள்வி உள்ள எழுத்துத் தேர்வை முன்பே எழுதித் தேறினால் முடிவு 24 மாதம் செல்லும். பாசறையில் உட்கார்ந்து படித்ததை, என்ஜின் ஓடும் விமானத்துக்குள் மணிக்கு 230 டாலர் கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை.

10. மேலதிகாரிக்கும் வீட்டாருக்கும் தெரியட்டும்.

பல பிரிவுகளில் தனியார் விமானம் ஓட்டுவது ஆபத்துமிக்க பொழுதுபோக்குகளில் சேர்ந்தது. முன்கூட்டியே சொல்லிப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். படைவீரர்களின் குழு ஆயுள் காப்பீடு தனியார் பறத்தலுக்கும் பொருந்தும். வெளியே எடுத்த பாலிசிகளில் பலவற்றில் அது விலக்கப்பட்டிருக்கும். பாலிசியை எடுத்து ஒரு முறை படியுங்கள். மணமானவராக இருந்தால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அந்த 15,775 டாலர் கணக்கைப் போடுங்கள். குடும்பத்தின் அவசரக் கையிருப்பைத் தொட்டுப் பறக்காதீர்கள்.

பிள்ளைகளே, சிப்பாய்ச் சம்பளத்தில் எட்டாத கனவல்ல இது. சம்பளத்தைத் திட்டமிட்டுச் சேர்த்த எத்தனையோ இளம் வீரர்கள் உரிமம் வாங்கியதை நான் பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்திருக்கிறேன். இந்த வாரமே இரண்டு காரியம் செய்யுங்கள்: மருத்துவப் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள், சம்பளத்திலிருந்து ஓர் அலாட்மென்ட் தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.