கிட்டார் வாசிப்பு நுட்பங்களும் கலைச்சொற்களும்: தொழிற்பெயரும் ஒலிப்பெயரும்

நரம்பிசைக் கருவியின் வாசிப்பு நுட்பத்திற்குப் பெயரிடும் வழி இரண்டு. விரல் செய்யும் தொழிலால் பெயரிடுவது ஒன்று. செவியில் படும் ஒலியால் பெயரிடுவது மற்றொன்று. கிட்டார் நுட்பங்களைத் தமிழில் பெயர்க்குங்கால் இவ்வேறுபாட்டை நோக்காவிடின், ஒரு சொல்லே பல தொழில்களுக்கு வழங்கும் மயக்கம் நேரும்.

சிலப்பதிகாரக் கானல்வரி யாழின் இசைக்கரணங்கள் எட்டினைக் குறிப்பிடுகிறது. வார்தலைச் சுட்டுவிரலின் தொழிலாகவும், வடித்தலைச் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்யும் தொழிலாகவும் அரும்பதவுரை விளக்குகிறது. கிட்டாரின் ‘பிளக்கிங்’, ‘ஸ்டிரம்மிங்’ என்பனவும் இவ்வாறே கைத்தொழிலைச் சுட்டுவன. முன்னது நரம்பைத் தனித்தனியே தெறித்தல். பின்னது பல நரம்புகளை ஒரே வீச்சில் தடவிச் செல்லுதல். இரண்டையும் ‘மீட்டல்’ என்று அடக்கினால் வலக்கையின் பணி மறைந்துவிடும். எனினும் இடக்கை நுட்பங்களுக்கு ‘உருட்டல்’ முதலிய யாழ்ச்சொற்களைப் பொருத்துவது ஏற்புடையதன்று. யாழ் மெட்டில்லாக் கருவி; அதில் நரம்பு ஒவ்வொன்றும் ஒரு சுரத்திற்கு உரியது.

மெட்டுடைய வீணையின் மரபே இங்கு அணித்தாகும். சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ (1904) கூறும் கமகங்களுள் ஜாரு, ஒதுக்கல் என்பன உள்ளன. விரலை நரம்பின் வழியே நகர்த்தும் ‘ஸ்லைடு’ ஜாருவை ஒக்கும். மெட்டின்மேல் நரம்பைப் பக்கவாட்டில் இழுக்கும் ‘பெண்ட்’ ஒதுக்கலை ஒக்கும். இழுக்கும்போது நரம்பின் இறுக்கம் மிகுவதால் சுருதி ஏறும், இறங்காது. இறக்கம் வேண்டின் முன்னரே இழுத்துவைத்துத் தெறித்துப் பின் தளர்த்த வேண்டும். இது இரு கருவிகளுக்கும் பொது. ஆகவே ‘வளைத்தல்’ என்று புதிதாக ஆக்குவதினும், வழக்கிலுள்ள ‘ஒதுக்கல்’ பொருத்தமானது.

கம்பிதம் அத்தகையதன்று. அது சுரத்தின் அசைவைக் கூறும் ஒலிப்பெயர். கிட்டாரில் அவ்வசைவை ஒதுக்கியும் எழுப்பலாம், மெட்டுகளுக்கிடையே நகர்த்தியும் எழுப்பலாம். ஆர். பிரசன்னா போன்றோர் கருநாடக இசையைக் கிட்டாரில் வாசித்துவரும் இந்நாளில், எந்தக் கைத்தொழிலால் எந்த ஒலி எழுந்தது எனப் பிரித்தெழுதச் சொற்கள் தேவை.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. சுருதியின் அசைவு ‘வைப்ரேட்டோ’. ஒலியளவின் அசைவு ‘டிரெமலோ’. ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை அசைக்கும் அமைப்பிற்கு ‘டிரெமலோ’ என்று பெயரிட்டது. தன் ஒலிபெருக்கிகளில் ஒலியளவை அசைக்கும் அமைப்பையோ ‘வைப்ரேட்டோ’ என்றது. செவ்வியல் கிட்டாரில் ஒரே நரம்பை விரல்கள் மாறிமாறி விரைந்து தெறிப்பதும் ‘டிரெமலோ’வே. அகராதியில் இச்சொல்லுக்கு ஒரு பொருள் மட்டும் தந்து நிறுத்த இயலாது.