ஒரு சாண் துணியைத் துவைத்துப் பார்த்திருந்தால்

என் சம்பந்தியம்மா ஏழு மாதம் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம், பேரனுக்காக நானே நூற்றுப் பின்னிய ஒரு பருத்திப் போர்வை. தப்பு என்னுடையது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு மாதம் பிடித்தது. சரிசெய்ய மேலும் மூன்று மாதம். ஓய்வு பெற்ற பிறகு ராட்டையும் ஊசியும் கையில் எடுக்க நினைப்பவர்களுக்கு அந்த ஏழு மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2015-இல், 58 வயதில், மின்வாரியக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றுக் கோபிசெட்டிபாளையத்தில் குடியிருக்கிறேன். என் அப்பா கதர்க்காரர். விடியற்காலையில் பெட்டி ராட்டையை விரித்து உட்கார்ந்துவிடுவார். நூற்ற சிட்டங்களைச் சர்வோதய சங்கத்தில் கொடுத்து அதற்கு ஈடாகத் துணி வாங்கி வருவார். எங்கள் பள்ளியிலும் தக்ளியில் நூற்கும் வகுப்பு இருந்தது. அதனால் ராட்டை எனக்குப் புதிதில்லை. ஓய்வு பெற்ற மறு வருஷம் பரணிலிருந்து அப்பாவின் ராட்டையை இறக்கினேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தால் இறக்குங்கள். துடைத்து, எண்ணெய் விட்டு, கயிறு மாற்றி, கதிர் வளைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். பஞ்சுப் பட்டை கதர்க் கடையில் சொல்லி வைத்தால் கிடைக்கும். ஒரு மாதம் இழை அறுந்துகொண்டே இருக்கும். பிறகு கை பழகிவிடும். விடியற்காலையில் நூற்பது நல்லது. காற்றில் ஈரம் இருக்கும்போது பருத்தி இழை அவ்வளவாக அறுவதில்லை.

பின்னல் என் மனைவி கற்றுக்கொடுத்தது. அவள் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதிலிருந்தே ஸ்வெட்டர் பின்னுகிறாள். 60 வயதில் அவளிடம் நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகளையும் கற்றேன். இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் யாருக்காவது தெரிந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ஆண்பிள்ளை ஊசியும் நூலுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் பங்காளிகள் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. "பொம்பளை வேலை செய்யற அளவுக்கு என்னங்க குறை வந்துது?" என்று விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டவர் உண்டு. அவருடைய இரண்டு மகன்களும் திருப்பூரில் பனியன் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்கள். பனியன் என்பது பின்னல் துணிதான். ஆயிரக்கணக்கான ஆண்கள் இயந்திரத்தில் பின்னினால் தொழில், ஒருவன் கையால் பின்னினால் கேலியா? பெரு நாட்டில் தித்திகாகா ஏரிக்குள் தக்கீலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தீவின் நெசவு, பின்னல் கலையை யுனெஸ்கோ 2005-இல் சிறப்பித்தது. அவ்வளவு தூரம் போவானேன்? ஒரே நேரத்தில் பல கதிர்களில் நூற்கும் அம்பர் ராட்டையை உருவாக்கியவர் திருநெல்வேலிச் சீமைக்காரரான ஏகாம்பரநாதன். அவர் பெயரின் ஒரு துண்டைத்தான் நாடு முழுக்க அந்த ராட்டைக்குப் பெயராகச் சொல்கிறார்கள். நூலில் கைவைத்த ஆண் யாருக்கும் குறைந்தவன் இல்லை.

இனி போர்வைக் கதை.

மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று பெங்களூரிலிருந்து மகன் சொன்ன அன்றே முடிவு செய்தேன்: பேரனோ பேத்தியோ, முதல் போர்வை என் ராட்டையிலிருந்து வர வேண்டும். "அப்பா, ஆன்லைன்ல 400 ரூபாய்க்குக் கிடைக்குதே" என்றான் மகன். அவன் அப்படிச் சொன்னதும் என் உறுதி இன்னும் கூடியது. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நூற்றேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது ஆறு சிட்டத்துக்கு. ஒரு சிட்டம் ஆயிரம் மீட்டர், ஆக 6,000 மீட்டர் இழை. நான்கு இழையைச் சேர்த்துப் பிடித்து, பத்தாம் நம்பர் ஊசியில், வரிசைக்கு 234 கண்ணி போட்டுத் தொடங்கினேன்.

தொடங்குவதற்கு முன்னால் மனைவி சொன்னாள்: "ஏனுங்க, ஒரு சாண் பின்னித் துவைச்சுப் பாத்துட்டு அப்பறம் ஆரம்பிங்க."

ஒரு சாண் சதுரத்துக்கு 200 மீட்டருக்கு மேல் இழை போகும். அது எனக்கு இரண்டு காலை நூற்பு. கை வலிக்க நூற்றதைச் சோதனைக்கென்று செலவழிக்க மனம் வரவில்லை. "கம்பளிக்குத்தான் அதெல்லாம். இது அப்பா நூற்ற மாதிரியே நூற்ற கதர் நூல்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

ஒரு முழம் பின்னியதும் துணி வலப்பக்கம் சாய ஆரம்பித்தது. நான் பார்க்காமலில்லை. ஊசியில் தொங்குவதால் சாய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு நேராக்கினேன். ஒவ்வொரு முழத்துக்கும் இதையே செய்தேன். முடித்தபோது 90 சென்டிமீட்டர் அகலம், 110 நீளம். நாலு மூலையும் வெட்டினாற்போல் இருந்தது. பெட்டி போட்டுக் கட்டி, குழந்தைக்கு முப்பதாம் நாள் சடங்கன்று மதுரையில் சம்பந்தி வீட்டில் கொடுத்தேன். எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அன்று மாலையே பிள்ளை அதை நனைத்துவிட்டான். "தண்ணியே இழுக்கலையே அண்ணே, மேலயே உருண்டு நிக்குது" என்றார் சம்பந்தியம்மா. ஒரு சந்தேகமாகத்தான் கேட்டார். எனக்கு அது குறை சொல்வதாகப் பட்டது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மகன் ஒரு படம் அனுப்பிவிட்டு மதுரையிலிருந்து கூப்பிட்டான். முதல் துவையலுக்குப் பிறகு போர்வை ஒரு பக்கமாகச் சரிந்து சாய்சதுரமாகக் கிடந்தது. மேல்விளிம்பு கீழ்விளிம்பை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. அளவும் சுருங்கியிருந்தது. ஐந்து மாத உழைப்பு. நான் சொன்னேன்: "மெஷின்ல போட்டிருப்பாங்க. கையில செஞ்சதோட அருமை தெரியாதவங்க கிட்டக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது: "நான் மெஷின்ல போடலைங்க. வாளியில பிள்ளை சோப்புப் போட்டுக் கையாலதான் அலசினேன்." அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. 'அண்ணே' என்ற வார்த்தை அன்றோடு நின்றது. பிறகு எங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் மனைவியிடம் பேசுவார். என்னைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால், "அவங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்பார்.

நான்கு மாதம் நான் அசையவில்லை. வெந்நீரில் போட்டிருப்பார், முறுக்கிப் பிழிந்திருப்பார் என்று மனதுக்குள் புதுப்புதுக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்தவரின் மகன் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தவனிடம் படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே சொன்னான்: "மாமா, இது ஸ்பைராலிட்டி. புது பனியனைத் துவைச்சா பக்கத் தையல் முறுக்கிக்கிட்டு வயித்துக்கு வந்து நிக்குமே, அதேதான். துவைச்சவங்க மேல தப்பில்லை. நூல்ல முறுக்கு அடங்கலை."

அவன் விளக்கிய பிறகுதான் அப்பாவின் நூலுக்கும் என் போர்வைக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. பருத்தி இழை குட்டையானது. அது பிரியாமல் நிற்க நிறைய முறுக்கு ஏற்ற வேண்டும். அப்பாவின் நூல் தறிக்குப் போனது. அங்கே பாவு கஞ்சி குடித்து, இழுத்துக் கட்டப்பட்டு நிற்கும். ஊடு நூல் குறுக்கே பிடித்துக்கொள்ளும். முறுக்கு பிரிய வழியில்லை. பின்னலில் நூல் வளையம் வளையமாகத் தளர்ந்து நிற்கிறது. தண்ணீர் பட்டதும் ஒவ்வொரு கண்ணியும் தன் முறுக்கைப் பிரித்துக்கொள்ளத் திரும்புகிறது. நான்கு இழையும் ஒரே திசையில் முறுக்கியவை. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகளும் ஒரே பக்கம் திரும்பினால் துணி எப்படி நேராக நிற்கும்? நான் நூற்றதில் குறையில்லை என்று இன்றும் சொல்வேன். தறிக்கு நூற்றதைத் துவைத்துப் பார்க்காமல் ஊசிக்குக் கொண்டு போனதுதான் தப்பு.

அவன் இன்னொன்றும் சொன்னான். லட்சக்கணக்கில் பனியன் தைக்கும் கம்பெனியிலும் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு துண்டைத் துவைத்து, எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளந்து பார்ப்பார்களாம். என் மனைவி சொன்னதும் அதேதான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களும் செய்யுங்கள்.

ஒற்றை இழையைப் பின்னலுக்குக் கொண்டு போகாதீர்கள். இரண்டு இழையைச் சேர்த்து, ராட்டையை எதிர்த்திசையில் சுற்றி மீண்டும் முறுக்குங்கள். முதல் முறுக்கை இரண்டாம் முறுக்கு சமன் செய்யும். சரியாக வந்ததா என்று அறிய, ஒரு முழ நூலை எடுத்து இரு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தன்னைத் தானே சுற்றிக்கொண்டால் இன்னும் சமனாகவில்லை. ஊஞ்சல் மாதிரி அமைதியாகத் தொங்கினால் சரி.

நூற்ற நூலை வேக வையுங்கள். சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, கொஞ்சம் சலவைச் சோடாவும் சோப்பும் போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். சோடா அலுமினியத்தை அரித்துவிடும். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். பஞ்சின் மேல் இயற்கையாகவே உள்ள மெழுகு அப்படி வெளியேறுகிறது. அந்த மெழுகு இருக்கும்வரை பருத்தி தண்ணீரை இழுக்காது. "மேலயே உருண்டு நிக்குது" என்று சம்பந்தியம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அன்றைக்கே காது கொடுத்துக் கேட்டிருந்தால், நூலை வேக வைக்கவில்லை என்பது எனக்கு உறைத்திருக்கும்.

ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று பின்னாமல், இரு பக்கமும் நிட் போடுங்கள். அதில் சாய்வு மிகவும் குறைவு. சாய்ந்தால் இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள். அந்தக் கோணல் உங்களிடம் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது. இஸ்திரி போட்டு அதன் வாயை அடைத்துவிடுவீர்கள்.

பரிசு வாங்குகிறவர் வீட்டில் எப்படித் துவைப்பார்களோ, அதைத் தாங்குகிற மாதிரி செய்து கொடுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் போர்வையைத் தனியாக எடுத்து வைத்துக் கையால் அலச யாருக்கு நேரம்? மெஷினில்தான் போடுவார்கள், போடட்டும். அதற்கேற்ப நூலைத் தயார் செய்வது செய்பவரின் பொறுப்பு. கைவேலையின் அருமையைப் பற்றி அடுத்தவருக்குப் பாடம் எடுப்பதற்கு முன் நம் கைவேலை சரியா என்று பார்க்க வேண்டும்.

சோதனைத் துண்டுக்கு நூல் வீணாகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள். வாழ்க்கை முழுவதும் கணக்கு எழுதியவன் நான். 200 மீட்டரை மிச்சம் பிடிக்கப் போய் 6,000 மீட்டரைத் தொலைத்தேன். அதோடு ஓர் உறவையும்.

மார்கழியில் மறுபடி நூற்க உட்கார்ந்தேன். இரட்டை முறுக்கு, வேகவைத்த நூல். இந்த முறை முதலில் ஒரு சாண் சதுரம் பின்னினேன். அதை நான் துவைக்கவில்லை. உறையில் போட்டு மதுரைக்கு அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம்: "போர்வை கோணியது என் நூலால்தான். உங்கள் மேல் பழி போட்டது தப்பு. இந்தத் துண்டை உங்கள் மெஷினில் வழக்கம்போல் போட்டுத் துவைத்து, எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். நீங்கள் சரி என்றால்தான் அடுத்த போர்வையைத் தொடங்குவேன்."

பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் மனைவியின் போனுக்கு அழைப்பு வந்தது. மூன்று முறை மெஷினில் போட்டு, காயவைத்து, தையல் டேப்பால் நாலு பக்கமும் அளந்தாராம். "கொஞ்சம் சுருங்கியிருக்கு, ஆனா நாலு பக்கமும் ஒண்ணு போல இருக்கு. தண்ணியும் நல்லா இழுக்குது" என்றார். பிறகு சொன்னார்:

"அண்ணன்கிட்ட போனைக் குடுங்க."