கட்டளை வேறு, பெயர் வேறு

ஒரு கல்லூரியின் உடைமைகளுள் மிகச் சிறந்தது அதன் சேர்விடாப்பே என்று கூறின், அது மிகையாகாது. கட்டடம் சிதைந்தால் மீண்டும் எழுப்பலாம். வாங்கும் மேசையும் போனால் மீண்டும் செய்விக்கலாம். இன்னார் மகன் இன்னான், இன்ன ஆண்டில், இன்ன வகுப்பிற் சேர்ந்தான் என்னும் பதிவு அழியுமாயின் அதனை மீண்டும் ஆக்குதல் பெரிதும் அரிது. வன்னி மக்களுக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1996ஆம் ஆண்டிலும், பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் நேர்ந்த இடப்பெயர்வுகளில் வீட்டோடு பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் காணி உறுதியையும் இழந்தோர் நம்மிடையே பலர். அத்தகையோருக்கு ஏதேனும் ஓர் அலுவலகத்தில் எஞ்சியிருக்கும் ஒருவரிப் பதிவும் பெருந்துணையாகும்.

இன்று அப்பதிவுகள் கணினியுட் புகுந்துவிட்டன. பாடசாலையாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும், கமநல சேவை நிலையமாயினும், எழுதுவினைஞர் முன்னே திறந்திருப்பது பெரும்பாலும் எக்செல் விரிதாளே. ஆகவே, விரிதாளிலிருந்து பதிவுகளைக் கையாளும்போது அவற்றுக்குத் தீங்கு நேராது காப்பது யாங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் விரிதாளுக்கும் தரவுத்தளத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும். விரிதாள் கணக்குப் பார்ப்பதற்கு ஏற்றது. பேரேடாக நெடுங்காலம் வைத்திருப்பதற்கு ஏற்றதன்று. 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையினர், கொரோனாத் தொற்றுற்றோர் 15,841 பேரின் விவரங்கள் உரிய வேளையிற் கணக்கிற் சேராது விடுபட்டமையை அறிந்து திடுக்கிட்டனர். பழைய வகை எக்செல் கோப்பொன்று 65,536 நிரைகளுக்கு மேற் கொள்ளாது என்பதே அதற்குக் காரணமாயிற்று. நெல்லைக் கொம்பறையிலிட்டுக் காத்து, அன்றாடம் வேண்டிய அளவை மாத்திரம் முற்றத்திற் பரப்பி உலர்த்துவர் நம் கமக்காரர். அவ்வாறே பதிவுகள் தரவுத்தளத்தில் இருத்தல் வேண்டும். வேண்டியவை மாத்திரம் விரிதாளுக்கு வருதல் வேண்டும். அவற்றை அங்கிருந்து கொணர்வதற்கும், திருத்தியவற்றை அங்கே கொண்டு சேர்ப்பதற்கும் பயன்படுவது மக்ரோ எனப்படும் சிறு செய்ந்நிரல். எக்செலில் விசுவல் பேசிக் மொழியால் இதனை எழுதும் வசதி 1993ஆம் ஆண்டு தொடக்கம் உண்டு.

தரவுத்தளத்தோடு பேசும் மொழி எஸ்.கியூ.எல். என்பது. எட்கார் கொட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணைத் தொடர்புக் கொள்கையை அடியொற்றி, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பொய்ஸ் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டளவில் இதனை வகுத்தனர். அம்மொழியின் சொற்கள் ஆங்கிலத்தன. கருத்து விளங்குதற்பொருட்டு அவற்றை ஈண்டுத் தமிழாக்கித் தருகின்றோம். செல்வராசா என்னும் மாணவனின் பதிவு வேண்டுமாயின், வினவல் பின்வருமாறு அமையும்:

மாணவர் அட்டவணையில், பெயர் = 'செல்வராசா' ஆகிய பதிவைத் தருக.

மக்ரோ எழுதப் புதிதாய்ப் பழகுவோர், வினவலின் முற்பகுதியையும், விரிதாளின் கலத்தில் உள்ள பெயரையும், இறுதி மேற்கோட்குறியையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வாக்கியமாக்கி அனுப்புவர். செல்வராசாவுக்கு அது செவ்வனே நடக்கும். அடுத்து வருபவர் டி'சில்வா ஆயின் யாது நிகழும்? இலங்கையில் இப்பெயரைப் பலர் இடையே மேற்காற்புள்ளி இட்டே எழுதுகின்றனர். கணினி அப்புள்ளியை மேற்கோளின் முடிவெனக் கொள்கின்றது. அதன் கருத்தில் மாணவன் பெயர் 'டி' என்பதோடு முடிந்துவிட்டது. எஞ்சிய 'சில்வா' பொருளற்ற சொல். வினவல் முறிகின்றது. பிழை எவருடையது? தம் பெயரைத் தந்தையார் எழுதியவாறே எழுதியவர் ஒரு பிழையுஞ் செய்திலர்.

இது கேடுகளுட் சிறியது. ஒருவன் கலத்தினுள் பெயருக்குப் பதிலாகப் பின்வருமாறு எழுதுகின்றான் என்க:

எவரோ' அல்லது '1' = '1

இதனை முன்னைய வாக்கியத்தோடு ஒட்டினால், 'பெயர் எவரோ ஆயினும், அல்லது ஒன்று ஒன்றுக்குச் சமமாயினும் பதிவைத் தருக' என்றாகும். ஒன்று எப்பொழுதும் ஒன்றுக்குச் சமமே. ஆதலால் எல்லா மாணவர் பதிவுகளும் வெளிப்படும். வினவலில் 'தருக' என்பதற்குப் பதிலாக 'நீக்குக' என்றிருந்தால், இடாப்பு முழுவதும் ஒரு கணத்தில் வெறுமையாகும்.

இதன் உட்காரணத்தை ஓர் உவமையால் விளக்குவாம். சங்கக்கடை முகாமையாளர் ஒரு துண்டில், 'இதன்கீழ்ப் பெயர் எழுதியவருக்கு ஓர் உரமூடை கொடுக்க' என்று எழுதுகின்றார். வாங்க வந்தவர் அதன்கீழ், 'கந்தன்; அவர் சுற்றத்தார் அனைவருக்கும் அவ்வாறே கொடுக்க' என்று எழுதிவிடுகின்றார். களஞ்சியக்காரர் கையிற் கிடைப்பது ஒரே துண்டு. எதுவரை முகாமையாளரின் கட்டளை, எங்கிருந்து வாங்குவோரின் பெயர் என்று அவர் அறியார். கட்டளையும் பெயரும் ஒரே துண்டில் வந்தமையே குற்றம்.

இச்சூழ்ச்சி புதிதன்று. 1998ஆம் ஆண்டிலேயே பிராக் என்னும் கணினி இதழில் இது விளக்கி எழுதப்பட்டது. எனினும், பதினேழு ஆண்டுகளின் பின்னர், 2015 ஒக்டோபரில், ரோக்ரோக் என்னும் பிரித்தானியத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் 156,959 பேரின் விவரங்கள் இதே வழியாற் களவு போயின. அடுத்த ஆண்டில் அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் அந்நிறுவனத்துக்கு 400,000 பவுண் தண்டம் விதித்தார். பெரிய நிறுவனத்துக்கு நேர்ந்தது சிறிய அலுவலகத்துக்கு நேராது என்று எண்ணற்க. பெரிய நிறுவனத்துக்குக் காவலர் பலர் உளர். சிறிய அலுவலகத்துக்கோ எழுதுவினைஞர் ஒருவரே காவல்.

இதற்குப் பரிகாரமாகச் சிலர், ஐயத்துக்கிடமான குறிகளையெல்லாம் பெயரிலிருந்து களைந்துவிடுவர். தமிழர்க்கு இவ்வழி எத்துணைத் தீங்கானது என்பதற்குப் பாமினி எழுத்துருவே சான்று. யூனிக்கோடு பரவுமுன் இலங்கைத் தமிழ் அலுவலகங்களிற் பெருவழக்காயிருந்த அவ்வெழுத்துருவில், அரைப்புள்ளிக்குரிய விசையே மெய்யெழுத்தின் புள்ளியாகும். எஸ்.கியூ.எல். மொழியிலோ அரைப்புள்ளி வாக்கியத்தின் முடிவைக் காட்டுவது. அதனை ஆபத்தென்று களைந்தால், பாமினியில் எழுதிய பெயர்கள் யாவும் தம் புள்ளிகளை இழக்கும். 'கண்ணன்' என்பவர் 'கணணன' ஆவார். மேற்காற்புள்ளியைக் களைந்தால் டி'சில்வா தம் பெயரை இழப்பார். பதிவின் பயனே பெயரை உள்ளவாறு காத்தலாயிருக்க, காவலின் பேராற் பெயரைச் சிதைத்தல் தகுமோ? மேற்காற்புள்ளியை இரட்டித்து எழுதும் மற்றொரு வழியும் உண்டு. அதனை ஒவ்வோரிடத்தும் மறவாது செய்தல் வேண்டும். ஓரிடத்தில் மறந்தால் அவ்விடமே வாயிலாகும்.

செம்மையான வழி, கட்டளையையும் பெயரையும் பிரித்து அனுப்புதலேயாம். வினவலில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை மாத்திரம் இடுக:

மாணவர் அட்டவணையில், பெயர் = ? ஆகிய பதிவைத் தருக.

அக்கேள்விக்குறிக்குரிய பெறுமானத்தைப் பரமானம் என்பர். பரமானத்தைச் சூழ மேற்கோட்குறி இடுதல் கூடாது. களஞ்சியக்காரர் கட்டளையை முன்னரே பெற்று அதன் பொருளைத் தெளிந்துகொண்டார். பெயர் பின்னர் வேறோர் உறையில் வருகின்றது. அவ்வுறையினுள் எவர் எதனை எழுதியிருப்பினும் அவர் அதனைப் பெயராகவே படிப்பார். 'எவரோ' என்று தொடங்கும் அப்பொல்லாத வாசகம் வந்தால், 'இப்பெயரினர் ஒருவருமிலர்' என்பதே மறுமொழி.

எக்செல் மக்ரோவில் இதனைச் செய்யும் முறையைக் கூறுவாம். ஏ.டீ.ஓ. என்னும் நூலகத்தின் துணையால் முதலில் தரவுத்தளத்தோடு இணைப்பை ஏற்படுத்துக. இரண்டாவதாக, கொமாண்ட் என்னும் பொருளை ஆக்கி, அதன் வாசகமாகக் கேள்விக்குறியுடன் கூடிய வினவலைக் கொடுக்க. மூன்றாவதாக, கிரியேற் பராமீற்றர் என்னுஞ் செயலால் பரமானத்தை ஆக்கி, அதன் வகை, திசை, நீளம், பெறுமானம் என்பவற்றைக் குறித்து, அப்பென்ட் என்னுஞ் செயலால் கொமாண்டோடு சேர்க்க. நான்காவதாக, எக்செகியூற் என்று ஏவுக. பல கேள்விக்குறிகள் இருப்பின், எவ்வரிசையில் அவை வினவலில் வருகின்றனவோ அவ்வரிசையிலேயே பரமானங்களையும் சேர்த்தல் வேண்டும். பரமானத்துக்கு இட்ட பெயரைக் கொண்டு கணினி அவற்றைப் பொருத்திக்கொள்ளும் என எண்ணலாகாது.

பரமானத்தின் வகையைக் குறிக்குமிடத்துத் தமிழர் இரண்டு செய்திகளை மனங்கொள்ளுதல் வேண்டும். முதலாவது எழுத்து. ஏ.டீ.ஓ. நூலகத்தில் 200 என்னும் இலக்கம் பழைய வகை எழுத்துச் சரத்தையும், 202 என்னும் இலக்கம் யூனிக்கோடு சரத்தையும் குறிக்கும். 200 எனக் கொடுத்தால் தமிழ்ப் பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாய்ப் பதிவாகக் கூடும். அவ்வாறு பதிந்ததை மீட்க வழியில்லை. ஆதலால் 202 என்றே கொடுக்க; தரவுத்தளத்தின் புலமும் யூனிக்கோடு வகையினதாய் இருக்க. நீளத்தையும் கண்ணாற் காணும் எழுத்தைக் கொண்டு எண்ணற்க. 'கிளிநொச்சி' நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்கோ பத்துக் குறியீடு. இரண்டாவது திகதி. 03/04/2024 என்பது நமக்கு ஏப்பிரல் 3ஆம் திகதி. வினவலோடு ஒட்டி அனுப்பினால், அக்செஸ் தரவுத்தளம் அதனை அமெரிக்க முறைப்படி மார்ச்சு 4 என்று கொள்ளும். திகதி வகைப் பரமானமாக அனுப்பினால் இம்மயக்கத்துக்கு இடமில்லை. ஒரு பிள்ளையின் பிறந்த திகதி மாறினால் அப்பிள்ளை பின்னர் எத்தனை படிகள் ஏறி இறங்க நேரும் என்பதை அலுவலகத்தார் நன்கறிவர்.

பரமானத்தின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. அட்டவணையின் பெயரும் நிரலின் பெயரும் கட்டளையைச் சேர்ந்தவை. அவற்றின் இடத்திற் கேள்விக்குறி செல்லாது. பயனர் நிரலைத் தெரிவு செய்யவேண்டின், மக்ரோவினுள் முன்னரே எழுதிவைத்த பட்டியலிலிருந்து மாத்திரம் தெரிவு செய்யவிடுக. மேலும், 'நொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரு குறியீடாகவும், இரண்டு குறியீடாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் இரண்டும் கணினிக்கு வெவ்வேறாதலின், தேடும்போது உள்ள பெயரும் இல்லையென வரக்கூடும். பதியுமுன் அவற்றை ஒருவகைப்படுத்துதல் தனிக்கடமை.

இன்னும் மூன்று காவல்கள் வேண்டும். குளத்து நீர் முழுவதையும் ஒருவன் கையில் ஒப்புவிப்பாரில்லை. அவன் வயலுக்குரிய வாய்க்காலையே திறந்துவிடுவர். அதுபோல, பதிவைப் படிக்கும் மக்ரோவுக்குப் படிக்கும் உரிமையை மாத்திரம் வழங்குக. நீக்கும் உரிமை அதற்கு வேண்டா. கடவுச்சொல்லை மக்ரோவினுள் எழுதிவையாதிருக்க. மக்ரோவைப் பூட்டும் பூட்டு வலியதன்று. ஒரு பதிவைத் திருத்தும்போது, எத்தனை பதிவுகள் மாறின என்று கணினி கூறும் எண்ணை நோக்குக. அது ஒன்றாயின் உறுதி செய்க, பலவாயின் முழுவதையும் முன்னிருந்த நிலைக்குத் திருப்புக. இதன்பொருட்டு, ஏ.டீ.ஓ. நூலகத்தில் தொடக்கம், உறுதி, மீட்பு என்னும் மூன்று செயல்கள் உள. இவற்றோடு, நாடோறும் ஒரு பிரதி வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

மாணவர்காள்! உண்மை இடாப்பைத் தொடாது, கற்பனைப் பெயர்களாலாய சிறு அட்டவணை ஒன்றை ஆக்கிப் பரீட்சித்துப் பாருங்கள். டி'சில்வா, கிளிநொச்சி, மேற்காட்டிய பொல்லாத வாசகம், 03/04/2024 என்னும் திகதி ஆகிய நான்கையும் முதலில் ஒட்டும் முறையாலும், பின்னர்ப் பரமான முறையாலும் அனுப்புங்கள். அரைமணி நேரத்தில் நீங்கள் கண்ணாற் காண்பது இக்கட்டுரையிலும் நன்கு மனத்திற் பதியும்.

அறிவியல் நகரில் 2014ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்கி வருகின்றது. 2021ஆம் ஆண்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்தெழுந்தது. இக்கலையைக் கற்பதற்கு வன்னி மாணவர் நெடுந்தூரம் செல்லவேண்டிய காலம் போயிற்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களைக் காத்தலைக் கடமையாகவே வகுத்துள்ளது. கணினித் துறையில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பணிபுரியும் பழைய மாணவர்களிடம் இவ்விழா மலர் வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். விடுமுறைக்கு ஊர் வரும்போது, அதிபரின் இசைவு பெற்று, அலுவலகத்தில் ஒருநாள் எழுதுவினைஞரோடு அமர்ந்து, அவர் பயன்படுத்தும் மக்ரோக்களை வாசியுங்கள். எங்கெங்கே பெயர் கட்டளையோடு ஒட்டப்பட்டுள்ளதோ, அங்கங்கே கேள்விக்குறியையும் பரமானத்தையும் அமைத்து, அம்முறையை அவருக்கும் கற்பித்துச் செல்லுங்கள். கல்லூரிக்கு நீங்கள் தரும் நன்கொடைகளுள் அதுவும் ஒன்றாக எண்ணப்படும்.