மரம் அசைய இடம் விட்ட மேசை

கைவினை மர மேசை வாங்கப் போகிறவர்கள் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். மெருகை யாரும் ஏற்றிவிடலாம். அடிப்பக்கம் பொய் சொல்லாது என்பது என் அனுபவம். மரம் அறுத்த பிறகும் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும், உலர்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு இல்லையென்றே சொல்லலாம், எல்லாம் அகலவாக்கில்தான். மூன்றடி அகலமுள்ள தேக்குப் பலகைகூட அடைமழைக்கும் ஏசி அறைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் கூடிக் குறையும். அதைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கிவிட்டால், போக்கிடமில்லாமல் பலகை வெடிக்கும். தொழில் தெரிந்த ஆசாரி சட்டத்தில் துளையை வட்டமாகப் போடாமல், பலகையின் அகலவாக்கில் நீட்டிப் போடுவார். பலகை அசையும்போது திருகாணியும் அந்தத் துளைக்குள் நகர்ந்துகொள்ளும்.

மரத்தின் இந்த இயல்பையே நவீன மேசையின் அழகாக்கியவர் ஜார்ஜ் நகாஷிமா. 1930-களின் இறுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட ஜப்பானிய அமெரிக்கக் கட்டடக்கலைஞர் அவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் ஐடஹோ தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தபோது, உடனிருந்த ஜப்பானியத் தச்சரிடம் கைக்கருவி வேலை பயின்றார். பின்னர் பென்சில்வேனியாவில் அவர் செய்த வால்நட் மேசைகளில் விளிம்பு மரம் வளர்ந்தபடியே இருக்கும். வெடிப்பை மறைக்காமல், இடை சிறுத்த பட்டாம்பூச்சிக் கட்டை பதித்து நிறுத்தியிருப்பார். இது வெறும் அலங்காரம்தானே என்பார்கள். கட்டையின் வரி வெடிப்புக்குக் குறுக்கே ஓடினால் அது வெடிப்பைப் பிடித்து நிறுத்தும். வெடிப்போடு இணையாக ஓடினால் இடையில் ஒடிந்துவிடும், அப்போதுதான் அது அலங்காரம். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பிளைவுட் அசையாது, விலையும் குறைவு என்ற வாதம் நியாயமானதே. அலமாரிக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் தினமும் தேயும் மேசைப் பரப்பில் பிளைவுட்டின் மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாளான வினீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆழமாகக் கீறினால் இழைக்க வழியில்லை. முழு மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி எண்ணெய் ஏற்றலாம். நீள்துளையை இயந்திரமும் போடும் என்பதும் உண்மைதான். எந்தப் பலகையை எதனுடன் சேர்ப்பது, எவ்வளவு உலர்ந்த பின் அறுப்பது, ஈரம் சமமாகப் போய்வர அடிப்பக்கத்துக்கும் மெருகு ஏற்றுவது ஆகியவைதான் கைத்தேர்ச்சி. விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால், ‘கைவினை’ என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.